மழை இல்லாத ஊரின் ஏரி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோடு என்று ஓர் இடம் வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். அங்கே மகாகாளேசுவரரைத் தரிசிக்கப் போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். சிவலிங்கம் பிளந்திருக்கிறது. அதைச் செம்பினால் பிணைத்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் பிளந்தது? ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

கடுவெளிச் சித்தர் என்பவர் அங்கே அரச மரத்தடியில் கடுந்தவம் இருந்தாராம். மழை பொய்த்துவிட்டது. தவத்தின் சூடுதான் மேகத்தை விரட்டுகிறது என்று அரசன் எண்ணினான். ஒரு தாசியை அனுப்பித் தவத்தைக் கலைத்தான். மழையும் பெய்தது. பிறகு கோயில் திருவிழாவில் அவள் ஆடும்போது கால் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தருக்குக் கோபம் வந்தது. அவர் பாடிய பாட்டில் லிங்கம் வெடித்தது. ‘இந்த மண் பாலையாகப் போகட்டும்’ என்று சாபமும் கொடுத்தார். அரசன் காலில் விழுந்து கெஞ்சவே, தூர தேசத்து ஜனங்கள் ஒரு நாள் வந்து இதைப் பசுமையாக்குவார்கள் என்று சாப விமோசனம் சொன்னாராம்.

கதை இருக்கட்டும். மழையும் வெயிலும் சரியாக இல்லாவிட்டால் மனிதன் பாடு என்ன ஆகும் என்ற பயம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்தப் பயம் பழங்காலத்தோடு போய்விடவில்லை. சித்தரின் சாபம் இல்லாமலே பாலையான ஒரு நாடு நம் தேசத்தின் வட கோடியில் இருக்கிறது. அங்கே இன்று நடப்பதை இரும்பைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாள் மழையும் ஐந்து வருஷ மழையும்

விழுப்புரம் சீமையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்துவிடும். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது நினைவிருக்கும். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் அப்போது ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது.

இப்போது லடாக்கைப் பாருங்கள். அதன் தலைநகரம் லே. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 11,500 அடி உயரம். அங்கே ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையையும் பனியையும் சேர்த்தால் 10 சென்டி மீட்டர் அளவுதான். மயிலத்தில் ஒரே நாளில் கொட்டியதை லே நகரம் பார்க்க ஐந்து வருஷம் ஆகும்!

காரணம் என்ன? தென்மேற்குப் பருவக்காற்றை இமயமலை மறித்துக்கொள்கிறது. மேகம் மலையின் தென் பக்கத்திலேயே கனத்தை இறக்கிவிட்டு வெறுங்கையோடு அப்பால் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே நம் கொங்கு நாட்டில் மழை குறைவதும் இதே காரணத்தால்தான். ஆனால் லடாக்கின் மலை பல மடங்கு உயரம். ஆகவே வறட்சியும் பல மடங்கு.

அப்படியானால் அங்கே மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. வாதுமைப் பழ மரங்கள் பூக்கின்றன. வானம் தராத தண்ணீரை யார் தருகிறார்கள்?

மலை மேல் இருக்கும் பனி தருகிறது.

பனியாறு என்பது என்ன?

குளிர்காலத்தில் மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் காற்று கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுவந்து சிகரங்களின் மேல் பனியாகத் தூவுகிறது. அவ்வளவு உயரத்தில் விழுந்த பனி, கோடையில் முழுவதும் கரைவதில்லை. மறு வருஷத்துப் பனி அதன் மேல் விழுகிறது. இப்படியே அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேல் அடுக்கின் பாரம் தாங்காமல் கீழ் அடுக்கு இறுகி, கல் போன்ற பனிக்கட்டி ஆகிறது. பாரம் மிகுந்ததும் அது சரிவிலே மெல்ல நகர ஆரம்பிக்கிறது. ஒரு நாளைக்கு அங்குலக் கணக்கில் நகர்ந்தாலும் ஓட்டம் ஓட்டம்தானே! ஆகவேதான் இதற்குப் பனியாறு என்று பெயர். சியாச்சின் பனியாறு சுமார் 75 கிலோ மீட்டர் நீளம்.

நம் ஊர் ஏரியோடு ஒப்பிட்டால் விஷயம் சுலபமாக விளங்கும். ஏரிக்கு மேலே வரத்துக்கால் உண்டு. கீழே மதகு உண்டு. பனியாற்றுக்கும் அப்படியே. உச்சியில் விழும் பனி வரத்து. அடிவாரத்தில் கரைந்து ஓடும் நீர் மதகு நீர். வரத்தும் மதகு நீரும் சமமாக இருக்கும் வரையில் பனியாறு குறையாது, வளராது.

ஆனால் ஒரு வித்தியாசம். நம் ஏரியில் மதகைத் திறக்க நீர்க்கட்டி வேண்டும். பனியாற்றின் மதகைச் சூரியனே திறக்கிறான். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு தண்ணீர் வரும். பயிர் வாடும் நாளில்தான் நீர் அதிகம். மழை பொய்த்த வருஷத்திலும் பழைய பனி கரைந்து கால்வாயில் ஓடும். வறண்ட நாட்டுக்கு இதைவிட நல்ல ஏரி உண்டா?

சிந்து நதியின் மேல் பகுதியில் ஓடும் தண்ணீரில் பெரும் பங்கு இப்படிப் பனி கரைந்து வருவதுதான். அந்தச் சிந்துவை நம்பித்தான் கீழே பாகிஸ்தானின் வறண்ட சமவெளி கோதுமை விளைவிக்கிறது.

அங்கேயும் ஒரு நீர்க்கட்டி

லடாக் கிராமங்களில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க ஊரார் கூடி ஒருவரை நியமிப்பது வழக்கம். அவருக்குச் ‘சுர்ப்பன்’ என்று பெயர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். இரவிலே வரும் நீர் வீணாகாமல் இருக்க ஊருக்கு மேலே சிறு குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். அதற்கு ‘ஜிங்’ என்று பெயர். பகலில் கரைந்த பனி மாலையிலும் இரவிலும் வந்து சேரும். அதைக் குளத்தில் தேக்கி, காலையில் வயலுக்குத் திறந்துவிடுவார்கள். நம் நீர்க்கட்டிக்கும் அவர்களுடைய சுர்ப்பனுக்கும் பாஷைதான் வேறு; வேலை ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டில் கண்டிப்பான ஒரு விதி உண்டு. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வர வேண்டும். லடாக்கில் கோடைகாலம் குறுகியது. அப்போது விதைத்தால்தான் குளிர் திரும்புவதற்குள் அறுக்க முடியும். பெரிய பனியாறுகள் வெகு உயரத்தில் இருப்பதால் அவற்றின் நீர் ஆனி மாதத்தை ஒட்டித்தான் இறங்கி வரும். அதுவரைக்கும் தாழ்ந்த சரிவுகளில் கிடக்கும் குளிர்காலப் பனிதான் விதைப்புக்குக் கை கொடுக்கிறது. அந்தப் பனி குறைந்தால் ஒரு வருஷத்துச் சாப்பாடே குறையும்.

அந்தப் பனிதான் இப்போது குறைகிறது.

உஷ்ணம் செய்கிற காரியம்

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்து நாம் விடும் கரியமில வாயு ஆகாயத்தில் போர்வை போலச் சேர்ந்து, பூமியின் உஷ்ணத்தை வெளியே போகவொட்டாமல் தடுக்கிறது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024-ம் ஆண்டின் சராசரி உஷ்ணம், ஆலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தைவிட சுமார் 1½ டிகிரி சென்டிகிரேட் அதிகம். இதுவரை பதிவான ஆண்டுகளில் அதுவே மிக வெப்பமான ஆண்டு.

‘ஒன்றரை டிகிரிதானே?’ என்று கேட்கத் தோன்றும். நமக்கு அது ஒரு விசிறிக் காற்று. பனிக்கு அப்படி அல்ல. பூஜ்ய டிகிரிக்குச் சற்றுக் கீழே இருந்தால் பனி. சற்று மேலே போனால் தண்ணீர். முன்பு பனியாக விழுந்தது இப்போது மழையாக விழுகிறது. பனி தங்கும் எல்லை மலையில் மேலே மேலே ஏறுகிறது. சித்திரையில் வர வேண்டிய நீர் மாசியிலேயே வந்து, விதைக்க ஆளில்லாத நேரத்தில் ஓடிப்போகிறது.

இன்னொரு கேடும் உண்டு. புதுப் பனி சுண்ணாம்பு அடித்த சுவர் போல. மேலே படும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். டீசல் புகையும் அடுப்புப் புகையும் காற்றோடு வந்து அதன் மேல் கரியாகப் படிந்தால், கறுப்புக் குடை வெயிலை வாங்குவது போலப் பனியும் வெயிலை வாங்கிக்கொள்ளும். கரைவது துரிதப்படும்.

வட்டியும் முதலும்

இதில் மனிதனை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. பனியாறு வேகமாகக் கரையும்போது முதலில் தண்ணீர் குறையாது, கூடும்! கால்வாய் நிறைந்து ஓடும். ‘எங்கள் ஊருக்கு என்ன குறை?’ என்று ஜனங்கள் நினைப்பார்கள். வயலைப் பெருக்குவார்கள், புதிய விடுதிகள் கட்டுவார்கள். ஒரு குடும்பம் வட்டியில் சாப்பிடுவதை விட்டு முதலை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தால், சில வருஷம் விருந்துச் சாப்பாடுதான். பிறகு? ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் அடிப்பலகை தெரியும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் சில ஆறுகளில் இந்த உச்சம் தாண்டி, நீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. பொலிவியா நாட்டில் சகால்தாயா என்று ஒரு பனியாறு இருந்தது. 17,000 அடிக்கு மேல் உயரம். பனிச் சறுக்கு விளையாட ஜனங்கள் கூடிய இடம். 2009-ம் ஆண்டு அது அடியோடு மறைந்துபோயிற்று. இப்போது அங்கே வெறும் பாறை. 2016-ம் ஆண்டு வறட்சியில் அந்நாட்டின் லா பாஸ் நகரத்துக் குடும்பங்கள் குடத்தோடு லாரியை எதிர்பார்த்து நின்றன. சென்னைவாசிகளுக்கு அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை.

நம் லடாக்கிலும் ஒரு ஊர் இருக்கிறது. ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில் குமிக் என்று பெயர். மிகப் பழைய ஊர். மேலே இருக்கும் பனி கரைந்து வரும் ஒரே ஓடைதான் அதன் உயிர். அந்தப் பனி சுருங்கிப் போகவே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரார் கூடிப் பேசி, பாட்டன் பூட்டன் கட்டிய வீடுகளை விட்டுக் கீழே ஆற்றோரப் பொட்டல் வெளிக்குக் குடிபோகத் தீர்மானித்தார்கள். புதிய நிலத்துக்குத் தாங்களே கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். ஊர் மாறுவது எளிதா? குலதெய்வத்தையும் களத்து மேட்டையும் விட்டுப் போகிறவனைக் கேட்டால் தெரியும்.

கணக்கு என்ன சொல்கிறது?

காட்மாண்டுவில் உள்ள இமயமலை ஆராய்ச்சி நிலையம் 2019-ம் ஆண்டு ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலக உஷ்ணம் 1½ டிகிரியோடு நின்றாலும், இந்து குஷ், இமயமலைப் பிரதேசத்துப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும். இன்றுள்ளபடியே புகை விட்டுக்கொண்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்று அது சொல்லிற்று. அதே நிலையத்தின் 2023-ம் ஆண்டு அறிக்கைப்படி, 2011 முதல் 2020 வரை பனி குறைந்த வேகம், முந்திய பத்து வருஷத்தைக் காட்டிலும் நூற்றுக்கு 65 அதிகம்.

எல்லாப் பனியாறும் ஒரே மாதிரி கரைகிறது என்று நினைக்கக்கூடாது. காரகோரம் மலையில் சில பனியாறுகள் வெகு காலம் குறையாமல் நின்று விஞ்ஞானிகளையே வியக்க வைத்தன. ஆனால் ஒரு தெருவில் ஒரு வீடு நனையவில்லை என்பதால் மழை பெய்யவில்லை என்று ஆகுமா?

கரையும் பனி சும்மாவும் போவதில்லை. மலை மேலே கல்லும் மண்ணும் சேர்ந்த வரம்புக்குப் பின்னால் குளமாகத் தேங்குகிறது. வரம்பு உடைந்தால் வெள்ளம். 2014-ம் ஆண்டு ஆகஸ்டில் லடாக்கின் கியா கிராமத்தில் அப்படித்தான் திடீரென்று தண்ணீர் பாய்ந்து பாலத்தையும் வயலையும் அடித்துப் போயிற்று. தண்ணீர் இல்லை என்று ஏங்குகிற ஊரில் தண்ணீராலேயே நாசம்!

குழாயடியில் பிறந்த யோசனை

இதற்கு ஜனங்கள் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை.

செவாங் நோர்பெல் என்று ஓர் இன்ஜினீயர். சர்க்கார் வேலையில் லடாக் கிராமங்களுக்கு ரோடும் கால்வாயும் போட்டவர். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்தே வைப்பது அங்கே வழக்கம். அப்படி ஓடிய தண்ணீர் ஒரு மர நிழலில் தேங்கி மெல்ல ஊர்ந்த இடத்தில் உறைந்துகிடப்பதையும், வேகமாக ஓடிய இடத்தில் உறையாமல் போவதையும் அவர் பார்த்தார். ‘குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடையை நிழலான சரிவுக்குத் திருப்பி, குறுக்கே கல் வரம்பு போட்டு வேகத்தைக் குறைத்தால் என்ன?’ என்று யோசித்தார். 1987-ம் ஆண்டு புக்சே என்ற கிராமத்தில் செய்தும் காட்டினார். தண்ணீர் அடுக்கடுக்காக உறைந்தது. ஊருக்குப் பக்கத்திலே, தாழ்ந்த இடத்திலே இருந்ததால் விதைப்புக் காலத்திலேயே கரைந்தும் கொடுத்தது. பெரிய அணையும் இல்லை, யந்திரமும் இல்லை. 2015-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பிறகு வந்தவர் சோனம் வாங்சுக். படுக்கையாகப் பரப்பிய பனியை வெயில் சீக்கிரம் தின்றுவிடுகிறது; கோபுரமாக நிறுத்தினால் வெயில் படும் பரப்புக் குறையும் என்று கண்டார். மேட்டிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர், தன் வேகத்தாலேயே பூவாணம் போல மேலே எழும்பிக் குளிரில் உறைந்து கூம்பாக நிற்கும். பௌத்தர்களின் ஸ்தூபி போல இருப்பதால் ‘பனி ஸ்தூபி’ என்று பெயர் வைத்தார். 2013–14 குளிர்காலத்தில் முதல் மாதிரியைக் கட்டினார்கள். சுமார் 1,50,000 லிட்டர் தண்ணீர்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. நம் விவசாயி கணக்குப் போட்டால், ஒரு ஏக்கர் நிலத்தில் ஒன்றரை அங்குலம் நிற்கிற தண்ணீர்! பிற்பாடு இதைவிடப் பெரிய ஸ்தூபிகள் கட்டினார்கள். மரக்கன்றுகளைக் காப்பாற்றவும் விதைப்புக்கும் உதவுகின்றன. ஆனால் இயற்கையான பனியாற்றுக்கு அவை ஈடல்ல. வெயில் ஏறினால் அவையும் சீக்கிரம் கரையும்; ஓடையே வற்றினால் உறைய வைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

இரும்பைக்குத் திரும்புவோம்

இரும்பையைச் சுற்றியுள்ள செம்மண் மேடு எப்படிப் பாலையாயிற்று? ஒரு காலத்தில் இங்கே காடு இருந்தது. வெட்டினார்கள். மரம் போனதும் ஐப்பசி மழை மேல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிற்று. ஆள் உயரத்துக்கு மேல் பள்ளங்கள் விழுந்தன. மழை நிறையப் பெய்தும் மண்ணில் இறங்காமல் கடலுக்கும் கழுவெளிக்கும் போயிற்று. மழை உண்டு, நீர் இல்லை.

1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பக்கத்தில் ஆரோவில் நகருக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. பல தேசத்தவர்கள் வந்தார்கள். சுற்று வட்டாரக் கிராம ஜனங்களும் கூடி வேலை செய்தார்கள். வயலைச் சுற்றி வரப்பு, பள்ளத்தின் குறுக்கே தடுப்பணை, லட்சக்கணக்கில் மரக் கன்று. ஓடுகிற தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. சித்தர் சொன்ன விமோசனம் இதுதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

நோர்பெல் செய்ததும் இதுவே அல்லவா? ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்தார். இங்கே மண்ணில் இறங்கிற்று. அங்கே பனியாக நின்றது. வறண்ட நாட்டானுக்குச் சாஸ்திரம் ஒன்றுதான்.

‘எங்கள் தென்பெண்ணையில் பனித் தண்ணீரா வருகிறது? எங்களுக்கு என்ன?’ என்று கேட்கலாம். தென்பெண்ணையும் சங்கராபரணியும் மழையை நம்பிய ஆறுகள்தான். ஆனால் லடாக்கில் கரைந்த பனி எங்கே போகிறது? சிந்து வழியாகக் கடலுக்குப் போகிறது. உலகம் எங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் இருக்கின்றன. அவற்றில் கரைவது எல்லாம் கடைசியில் கடல்தான். சூட்டில் கடல் நீரே விரிவதும் சேர்ந்து, 1900-ம் ஆண்டிலிருந்து இதுவரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டி மீட்டர் உயர்ந்திருக்கிறது. மரக்காணத்து உப்பளமும் கழுவெளி முகத்துவாரமும் இரும்பையிலிருந்து எத்தனை தூரம்? லடாக்கின் வயலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் நம் கரையில் வந்து முட்டுகிறது.

ஐக்கிய நாடுகள் சபை 2025-ம் ஆண்டைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்தது. மார்ச் 21-ந் தேதியை ஆண்டுதோறும் பனியாற்று நாளாகவும் வைத்திருக்கிறது. நாள் வைத்தால் போதாது. புகையைக் குறைக்க வேண்டும். அதில் பெரிய தேசங்களுக்குப் பெரிய பங்கு. நமக்கும் ஒரு பங்கு.

தவத்தின் சூட்டால் மழை நின்றதாக அந்நாள் அரசன் நம்பினான். இன்று உலகத்தைச் சூடாக்குவது எந்தச் சித்தரும் அல்ல. ஆகவே அனுப்பித் தவத்தைக் கலைக்க ஆளும் இல்லை. நாமேதான் அடுப்பைத் தணிக்க வேண்டும்.

நம் ஏரிக்கரை உடைந்தால் ஊர் கூடி, கூடை கூடையாக மண் கொட்டி அடுத்த மழைக்குள் அடைத்துவிடலாம். குமிக் ஊராரின் ஏரி நூற்றாண்டு நூற்றாண்டாகப் பனி விழுந்து நிறைந்தது. அது வற்றினால் அடுத்த மழையில் நிறையாது. நம் பேரன் காலத்திலும் நிறையாது.